பதினேழுக்கு இருபத்தஞ்சு

லாங் பஜாரில் காலை ஒன்பது மணிக்கு மேல் வண்டி ஓட்டுகிறவனுக்கு கியர் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முதல் கியர், நியூட்ரல், ஹாரன். மறுபடி முதல் கியர், நியூட்ரல், ஹாரன். இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பது கிரீன் சர்க்கிள் தாண்டின பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். இப்பேர்ப்பட்ட தெருவின் பின்பக்கம், ஒரு கிடங்கில், ஆறு கியர் உள்ள வண்டி ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்குகிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அதை வாங்கியவன் என் தங்கச்சி மகன்.

வண்டியின் பெயர் ஷிஃப்டர் கார்ட். டிக்கெட் வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் சுற்றிவிட்டு வருகிறோமே கோ-கார்ட், அதற்கு இது பெரியப்பா மகன். டிக்கெட் கார்ட்டில் கியரே கிடையாது. மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். குழந்தை ஓட்டும், குழந்தையின் பாட்டியும் ஓட்டுவார். இது அந்த ஜாதி இல்லை. 125 சி.சி. டூ ஸ்ட்ரோக், தண்ணீர் சுற்றிக் குளிரும் இத்தாலிய எஞ்சின், நாற்பத்தைந்து குதிரை சக்தி. நம்ம பழைய மாருதி 800 பெரும்பாலும் நாற்பது குதிரைக்கு உள்ளேதான். அதை வைத்துக்கொண்டு 650 கிலோ சொச்சம் வண்டியையும், ஒரு குடும்பத்தையும், டிக்கியில் ஒரு மூட்டை பொன்னியையும் இழுத்தது. இங்கே வண்டி, பெட்ரோல், ஓட்டுகிற ஆசாமி எல்லாம் சேர்த்தே 175 கிலோ பக்கம்தான். மூன்றரை மூட்டை வெங்காயத்தை நாற்பத்தைந்து குதிரை இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த விபரீதத்தை ஆரம்பித்து வைத்தவர் ஆர்ட் இங்கெல்ஸ் என்கிற அமெரிக்கர். ரேஸ் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். 1956இல், கலிபோர்னியாவில், நாலு குழாயைப் பற்றவைத்து, புல்வெட்டும் மெஷினுக்காகச் செய்த எஞ்சினைப் பூட்டி, மேலே உட்கார்ந்து ஓட்டினார். சஸ்பென்ஷன் என்று எதுவும் வைக்கவில்லை. இன்றுவரை யாரும் வைக்கவில்லை. குழாய்ச் சட்டம் வளைந்து கொடுப்பதுதான் ஸ்பிரிங். அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு. அந்த லிஸ்ட்டில் இப்போது ஸ்பிரிங் இல்லாத வண்டியும் சேர்ந்தது.

பையன் மெக்கானிகல் முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறான். கூட்டாளிகள் இரண்டு பேர். மூவரும் பங்கு போட்டு பெங்களூரிலிருந்து செகண்ட் ஹேண்டில் பிடித்தார்கள். பையனின் பங்குக்குத் தங்கச்சியின் நாலு பவுன் செயின் அடகுக் கடைக்குப் போயிற்று.

"செயினை வெச்சு செயின் வாங்கினவன் உலகத்துலயே என் புள்ளதாண்ணா" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

குட்டியானையில் வந்து இறங்கிய சாமானோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வந்தது. "ஸ்பேர்ஸ் எல்லாம் ஃப்ரீயாவே குடுத்துட்டாங்க மாமா!" என்றான் பையன் பெருமையாக. திறந்து பார்த்தோம். இரண்டு பிளக், சைஸ் சேராத மூன்று நட்டு, பல் தேய்ந்த ஒரு ஸ்ப்ராக்கெட், எலி ருசி பார்த்த ஒற்றைக் கையுறை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவரைக் கூட்டி வந்தேன். ஆர்.எக்ஸ். 100 காலத்து ஆசாமி. எஸ்கார்ட்ஸ் கம்பெனி அந்த வண்டியை 1985 முதல் 1996 வரை செய்தது; பாய் அதை இன்னும் செய்துகொண்டிருக்கிறார். தார்ப்பாயை விலக்கிவிட்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வண்டியா, கயித்துக் கட்டிலா?"

அப்புறம் குந்தி உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. முதல் கேள்வி எஞ்சினைப் பற்றி இல்லை. "முன்னாடி எத்தினி பல்லு, பின்னாடி எத்தினி பல்லு?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆறு கியர் இருக்கிறதே, அப்புறம் பல் எண்ணுவானேன் என்று நானும் கேட்டேன். பாய் வாசலில் போன மூன்று சக்கர சைக்கிளைக் காட்டினார். பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டரைச் சுற்று. மூட்டை அதிகமானால் ஓட்டுகிறவர் எழுந்து நின்று மிதிக்கிறார், நாக்கு தள்ளுகிறது. பின்னால் பல்லைக் கூட்டிவிட்டால் மிதி லேசாகும், ஆனால் வேகம் போய்விடும். இழுப்பு வேண்டுமா, ஓட்டம் வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைக்காது. உலகத்து கியர் சாஸ்திரம் முழுக்க இந்த ஒரு பேரத்தில் அடங்கும்.

கார்ட்டில் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஆறு கியரையும் யாரும் தொடுவதில்லை. ஆறு படி உள்ள ஏணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி செய்த இடத்திலேயே முடிவான சங்கதி. நாம் செய்யக்கூடியது ஏணியை அப்படியே கொஞ்சம் மேலே தூக்குவது, அல்லது கீழே இறக்குவது. அதைச் செய்வது வெளியே உள்ள செயினும் இரண்டு பல்சக்கரங்களும்தான். பின் பல்லை முன் பல்லால் வகுத்தால் வருவதுதான் கணக்கு. 25ஐ 17ஆல் வகுத்தால் 1.47. எண் பெரிதானால் இழுப்பு, சிறிதானால் ஓட்டம்.

கியர் இல்லாத ரேஸ் கார்ட்களில் இதே கணக்கு வேறு மாதிரி இருக்கும். இந்தியாவில் ரொம்ப வருஷமாக ஓடும் ரோட்டாக்ஸ் மேக்ஸ் வகையில் முன்னால் 12 பல் என்றால் பின்னால் 80 பல் பக்கம். ஆறு மடங்குக்கு மேல்! அங்கே உள்ளே கியர் பெட்டி கிடையாது, எல்லாக் குறைப்பையும் வெளிச் செயினே செய்ய வேண்டும். ஷிஃப்டரில் பாதி வேலை பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே ஒன்றரை மடங்கு போதும். ஆகவே ரோட்டாக்ஸ்காரன் சொன்ன பல் கணக்கைக் கேட்டு ஷிஃப்டருக்கு வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது மாதிரி.

பைக் கணக்கும் உதவாது. பாயிடம் காலேஜ் பையன்கள் ஆர்.எக்ஸ். எஞ்சினை வைத்து கார்ட் கட்டிக்கொண்டு வருவார்களாம். வண்டி ஊர்கிறது, எஞ்சின் அலறுகிறது என்று புகார். காரணம் சக்கரம். பைக்கின் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 1.9 மீட்டர் போல நகரும். கார்ட்டின் பின்டயர் பதினொரு அங்குல விட்டம். ஒரு சுற்றுக்கு 88 சென்டிமீட்டர்தான். பைக்கின் பல்லை அப்படியே மாட்டினால் நூறில் போக வேண்டியது நாற்பத்தாறில் போகும். பின்பல்லைப் பாதியாக்கு என்று பாய் சொல்வார், அவர்கள் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு அதையே ஆமோதிப்பார்கள்.

சரி, எத்தனை பல்சக்கரம் வாங்கி வைத்துக்கொள்வது? பையன் பத்து ஜோடி லிஸ்ட் போட்டு வைத்திருந்தான். விலையைக் கூட்டினால் இன்னொரு செயின் அடகுக்குப் போக வேண்டும். இதற்கு விடை மண்டியிலேயே இருந்தது. தராசுக் காலத்து எடைக்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று நாலைந்து கல்லை வைத்துக்கொண்டு எந்த எடையையும் போட்டுவிடுவார்கள். அதே மாதிரி முன்னால் 16, 17, 18. பின்னால் 23, 24, 25, 26. மொத்தம் ஏழு சாமான். மூன்றை நாலால் பெருக்கினால் பன்னிரண்டு ஜோடி. 18/23 போட்டால் 1.28. 16/26 போட்டால் 1.63. நடுவில் சின்னச் சின்னப் படிகளாகப் பத்து. இதில் 16/23உம் 18/26உம் கிட்டத்தட்ட ஒன்றேதான், இரண்டுமே 1.44. ஒன்று வீண் என்று நினைக்காதீர்கள். கணக்கு ஒன்றாக இருந்தாலும் பெரிய பல்சக்கரத்தில் செயின் அவ்வளவு மடங்காது, தேய்மானம் குறைவு.

முன்னால் ஒரு பல் மாற்றினால் பின்னால் ஒன்றரைப் பல் மாற்றிய பலன். இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், எந்தப் புத்தகமும் வேண்டாம்.

இந்த ஆராய்ச்சி கிடங்கு வாசலில் உரத்த குரலில் நடந்துகொண்டிருந்தது. "பதினேழுக்கு இருபத்தஞ்சுதான் மொதல்ல பொருத்தமா இருக்கும் மாமா" என்று பையன் சொல்ல, பக்கத்து வெங்காய மண்டி அண்ணாச்சி சிட்டையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"தம்பிக்கு இருபத்தஞ்சு சரி. பொண்ணுக்குப் பதினேழுதானா? வேண்டாம் சார், போலீஸ் கேஸ் ஆயிரும்!"

விளக்கிச் சொன்னோம். அரைமனதாகக் கேட்டுக்கொண்டார். பாய் மட்டும், "பதினெட்டுக்கு இருபத்தாறு போட்டாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்" என்றார். அண்ணாச்சி, "அப்ப அதையே முடிங்க" என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார்.

ஸ்பேர் விஷயத்துக்கு வருவோம். முதல் ஷிஃப்டர் வாங்குகிறவர்கள் எல்லாரும் எஞ்சினைக் கேட்டு வாங்குகிறார்கள், எத்தனை குதிரை என்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, உடைந்தால் எங்கே கிடைக்கும் என்பது. உலகம் பூராவும் பல பேர் ஹோண்டா சி.ஆர். 125 என்கிற மோட்டோகிராஸ் பைக் எஞ்சினை வைத்து ஷிஃப்டர் கட்டினார்கள். கெட்டியான எஞ்சின். ஹோண்டா 2007 மாடலோடு அதை நிறுத்திவிட்டது. அப்புறம் பாகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் கோயம்புத்தூர் கரிவர்தன் ஞாபகத்துக்கு வருகிறார். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனவர். அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1980களின் கடைசியில் அவர் ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை வடிவமைத்தார், ஃபார்முலா மாருதி என்று. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. எஞ்சின் மாருதி 800உடையது. இங்கிலாந்திலிருந்து எஞ்சின் வரவழைத்து, அது உடைந்தால் மூன்று மாதம் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், தெருமுனைக் கடையில் பாகம் கிடைக்கிற எஞ்சினைப் போட்டார். நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டியிருக்கிறார். 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். நடிகர் அஜித்தும் 2002இல் அதை ஓட்டினார். பந்தயம் என்பதே பாகம் கிடைப்பதில் இருக்கிறது என்று அந்த மனிதருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

பாய் எங்கள் வண்டியின் சாமான்களை இரண்டாகப் பிரித்தார். "இது நம்மூர். இது இத்தாலி." நம்மூர்ப் பக்கம் ஆச்சரியமாகக் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. செயின் 428 சைஸ். கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம், நம்மூர் பைக்குகள் பலவற்றில் ஓடுவது அதேதான். (சைக்கிள் செயினுக்கும் கண்ணி அரை அங்குலம்தான், பருமன்தான் வேறு.) நல்ல கம்பெனிச் செயினாக வாங்கலாம். ஜாயின்ட் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் கழன்றுகொள்ளும். ஆக்ஸிலேட்டர் ஒயர், கிளட்ச் ஒயர், ஹோஸ், கிளாம்ப், லாக் நட்டு எல்லாம் இங்கே. புஷ், ஸ்பேசர், சீட் கம்பி லேத் பட்டறையில் ஆகிவிடும்.

இத்தாலிப் பக்கம்: பிஸ்டன், ரிங், ரீட் வால்வு இதழ், கார்புரேட்டர் ஜெட், கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பின் ஆக்ஸில், ஸ்டியரிங் ராடின் முனை. இவற்றில் பிஸ்டன் என்பது டயர் மாதிரி, பேப்பர் மாதிரி. தீர்ந்துபோகிற சாமான். நிமிஷத்துக்குப் பதின்மூவாயிரம் சுற்றும் எஞ்சினில் அது பத்து மணி நேர ஓட்டம் தாங்கினால் பெரிது. கிலோமீட்டர் இல்லை சார், மணி நேரம்! பத்து மணி நேரத்தில் நாம் நாகர்கோவில் போய்ச் சேர்ந்து காப்பி சாப்பிட்டிருப்போம்.

கையில் மிச்சம் இருந்தது நாற்பதாயிரம். பையனுக்குப் புது எக்ஸாஸ்ட் பைப் வேண்டும், இரண்டு குதிரை கூடுதலாம். அதோடு சுற்று எண்ணிக்கை காட்டும் மீட்டர். இரண்டாவதில் நான் அவன் கட்சி. மீட்டர் இல்லாமல் பல் மாற்றுவது, தெர்மாமீட்டர் இல்லாமல் ஜுரத்துக்கு ஊசி போடுவது. ஆனால் பைப்? நாற்பத்தைந்து குதிரையையே இன்னும் பழக்கவில்லை. கூட இரண்டைக் கட்டி இழுப்பானேன்?

அப்போதுதான் மச்சான் வந்தார். தங்கச்சி வீட்டுக்காரர். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பிரித்தவர். தோலைக் கையில் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று ஒதுக்குகிற வேலை. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்திக் காயம் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் விரலுக்குத் தெரியும். ஆம்பூரில் செய்யும் ஷூ சீமைக்குப் போகிறது என்றால் இந்த மாதிரி விரல்கள் இருப்பதால்தான். கார்ட் பந்தயக்காரர்கள்கூட ஒரு காலத்தில் தோல் உடைதான் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். இப்போது நைலான் துணிக்கு மாறிவிட்டார்கள். மச்சானுக்கு அதில் வருத்தம்.

மச்சான் வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையில் கொஞ்சம் மண்ணெண்ணெய்த் துணி வாங்கி, சட்டத்துக் குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தார். சீட்டுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலைத் தாங்கும் இடத்தில் விரல் நின்றது. முன்னே போயிற்று, பின்னே வந்தது.

"மச்சான், இங்க ஒரு கீறல் இருக்கு பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பையன், "பெயின்ட்டுதாம்ப்பா உரிஞ்சிருக்கு" என்றான். பாய் செல்போன் வெளிச்சத்தை அடித்து, பெயின்ட்டைச் சுரண்டினார். தலைமுடி கனத்துக்கு, கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல். சட்டமே ஸ்பிரிங்காக வளைந்து நிமிர்கிற வண்டியில் இது வரத்தான் செய்யும். வரக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. நூற்றிருபதில் போகும்போது அந்தத் தாங்கி விட்டிருந்தால் ஆக்ஸிலும் செயினும் சக்கரமும் தனித்தனியாக ஊர்வலம் போயிருக்கும். கார்ட்டில் சீட் பெல்ட்டும் கிடையாது. கவிழ்ந்தால் தூக்கி எறியட்டும் என்று விட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே கம்பி இல்லாத வண்டியில் கட்டிப் போடுவது அதைவிட ஆபத்து.

பையன் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை போவதாக ஏற்பாடு. கூட்டாளிகளில் ஒருவன் மெதுவாக, "ஒரு நாள் தாங்காதா அங்க்கிள்?" என்றான். மச்சான் அவனை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் தரத்தை ஒதுக்கும்போது அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது.

நாற்பதாயிரத்தின் கதை அங்கே முடிந்தது. குரோம்-மாலி குழாயைச் சாதாரண வெல்டிங்கில் தொடக்கூடாது, ஆர்கான் போடுகிறவரிடம் கொடுக்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு நிறுத்தி, பிறகு பற்றவைத்தார்கள். ஸ்டியரிங் ராடு முனைகள் நாலும் புதிது. பிரேக் பேட் புதிது. இதற்கு நாலு சக்கரத்திலும் பிரேக் உண்டு, அதனால் இரட்டைச் செலவு. ஒரு பிஸ்டன் கிட், இரண்டு செட் ரீட், மீட்டர். எக்ஸாஸ்ட் பைப் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

செட்டப் என்று சொல்கிறார்களே, அதில் முக்கால்வாசி காசு கேட்காத வேலை. முதலில் சீட். கார்ட்டில் அதிகக் கனமான பாகம் ஓட்டுகிறவன்தான். ஆக, சீட்டை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் வண்டியே மாறிவிடும். நாலு சக்கரத்தின் அடியிலும் எத்தனை கிலோ விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கென்று விற்கும் தராசு விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அண்ணாச்சி மண்டியில் நாலு எலெக்ட்ரானிக் தராசு. ராத்திரி கடை கட்டின பிறகு கடன் வாங்கி, தரை மட்டம் பார்த்து, நாலு சக்கரத்துக்கும் நாலு தராசு. பையன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"தம்பி, மூச்சை விடு... பின்னாடி கம்மியா இருக்கே" என்று அண்ணாச்சியே சிட்டையில் எழுதிக்கொண்டார். முன்னே 47 சதவீதம், பின்னே 53 வந்தது. வேண்டியது 43க்கு 57 பக்கம். கார்ட்டின் பின் அச்சு ஒரே கம்பி. காரில் இருக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டுமே? அதனால் அந்த உள்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு நூல் தூக்கிவிட வேண்டும். அந்த வித்தையைச் செய்வது சட்டத்தின் முறுக்கு, முன்சக்கரத்தின் சாய்வு, ஓட்டுகிறவன் உட்காரும் இடம். எடை சரியில்லை என்றால் உள்சக்கரம் தூக்காது. வண்டி சண்டிக் காளை மாதிரி நேராகவே போகும். சீட்டைப் பின்னால் தள்ளித் தள்ளி நடுராத்திரிக்கு 43 வந்தது. அண்ணாச்சி, "இதே சிரத்தையா படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருக்கலாம்" என்றார்.

டயரில் காற்று பத்து பி.எஸ்.ஐ. போதும். கூட்டாளிப் பையன் பஞ்சர் கடையில் ஸ்கூட்டர் கணக்கில் முப்பது அடித்துக்கொண்டு வந்தான். டயர் பூசணிக்காய் மாதிரி உருண்டு நின்றது. அரை பி.எஸ்.ஐ. வித்தியாசம்கூட வண்டியில் தெரியும் என்பதால் குறைந்த அழுத்தம் காட்டும் சின்ன கேஜ் ஒன்று சொந்தமாக வேண்டும்.

பெட்ரோலில் ஆயில் கலப்பது ஸ்கூட்டர் வைத்திருந்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டாம். அப்போது லிட்டருக்கு 20 மில்லி. இதற்கு இரண்டு மடங்கு. ஐந்து லிட்டருக்கு 200 மில்லி, நயம் ரேஸ் ஆயில். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். கலந்ததை வாரக் கணக்கில் வைக்காமல் அன்றன்றைக்குக் கலப்பது உத்தமம். எத்தனால் கூடினால் கலவை இளைக்கும், அதற்குக் கொஞ்சம் பெரிய ஜெட் வேண்டும். வேலூர் வெயிலில் காற்று லேசாகும், அதற்குச் சின்ன ஜெட் வேண்டும். இந்த இருவர் சண்டையில் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் பிஸ்டன் உருகிவிடும். பாய் பிளக்கைக் கழற்றிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். காப்பிப் பொடி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால், "ஜெட்டைப் பெருசாக்கு, அடுப்பு எரியுது" என்பார்.

பாய் கடைசியாகச் செய்தது செயினுக்கு ஒரு கார்டு. தகரம் இல்லை, நல்ல அலுமினியம். டிக்கெட் கார்ட்டிலேயே 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும், 2020இல் ஹைதராபாத் பக்கத்திலும் கூந்தல் சிக்கி இரண்டு பெண்கள் உயிர் போயிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது துப்பட்டா, துண்டு, வேட்டி முனை எதுவும் கிட்டே வரக்கூடாது. விரலும்தான். ஓடுகிற செயினுக்கு ஆயில் விடப் போய் விரலைக் கொடுத்தவர்களைப் பாய்க்குத் தெரியும்.

மூன்று வாரம் தள்ளி இருங்காட்டுக்கோட்டை போனார்கள். வேலூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். சோழவரத்தில் பழைய யுத்த கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் போய், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் அங்கே சொந்த டிராக் போட்டது. அதே வளாகத்தில் 2023இல் கார்ட்டுக்கென்று தனியாக 1.2 கிலோமீட்டர் டிராக்கும் வந்துவிட்டது. மச்சானும் கூடப் போனார். தங்கச்சி போகவில்லை. சாம்பார் சாதம் மட்டும் போயிற்று.

மத்தியானம் போன் வந்தது. பின்னால் டிராக்கின் இரைச்சல்.

"மாமா, பதினேழுக்கு இருபத்தஞ்சுல ஆறாவது கியர் போட்டா, நேர் ரோடு முடியறப்ப பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்தான் வருது. இந்த எஞ்சின் பதின்மூவாயிரத்துலதான் முழிச்சுக்கும்."

"பல்லு மாத்து. எத்தனை வேணும்?"

கணக்கு நேரானது. நேர் ரோட்டின் முனையில் வேகம் பெரிதாக மாறப் போவதில்லை. 11,900ஐ 13,000 ஆக்க வேண்டும் என்றால் 1.47ஐ ஒன்பது பத்து சதவீதம் கூட்ட வேண்டும். 16/26, அதாவது 1.63. ஏணியைக் கீழே இறக்குகிறோம். மெதுவான வளைவில் எந்த கியரில் வெளியே வருகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். முன்பு இரண்டாவது கியரில் திணறிக்கொண்டு வந்தவன், இப்போது அதிலேயே துள்ளி வருவான். "பதினாறுக்கு இருபத்தாறு போடுடா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மண்டியிலிருந்து அண்ணாச்சி, "பதினாறா? வருஷம் போகப் போக வயசு ஏறத்தானே செய்யணும்!" என்றார்.

சாயங்காலம் மறுபடி போன். 13,050 வந்ததாம். ஆறு சுற்றுக்குப் பிறகு விலா எலும்பு வலிக்கிறது என்றான். ஸ்பிரிங் இல்லாத வண்டியில் விலாவுக்குத் தனியாகக் கவசம் போட்டுக்கொள்வார்கள். அதை வாங்காமல் மீட்டர் வாங்கியாயிற்று. அடுத்த மாதச் சம்பளத்தில் அதுதான் முதல் செலவு.

மச்சான் ஒரு நீளப் பேரேடு போட்டிருக்கிறார், தோல் கம்பெனி வழக்கப்படி சிவப்பு மசியில் தலைப்பு எழுதி. வலது பக்கம் சாமான், இடது பக்கம் ஓடின நேரம். தங்கச்சியின் செயினுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கி, வட்டியும் மீட்கும் தேதியும் குறித்து வைத்திருக்கிறார். பையன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். முதல் நாள் வரவு: செயின், 1 மணி 40 நிமிஷம். பிரேக் பேட், 1 மணி 40 நிமிஷம். பிஸ்டன், 1 மணி 40 நிமிஷம், பாக்கி 8 மணி 20 நிமிஷம்.